சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு எந்த வைத்தியம்?



"மூணு மாசமா சரியா சாப்பிட மாட்டேங்குறா. கேட்டா பசிக்கலைங்குறா. ஒரு இட்லியைப் பிச்சு வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கா." சேமிப்பு எழுதி, கடன் பேசி முடித்து, எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் குழுக் கூட்டத்தில் இப்படி ஒரு பேச்சு வருவதுண்டு. உடனே ஆளுக்கு ஒரு யோசனை சொல்வோம். பூச்சி மருந்து குடு என்பார் ஒருவர். கண்ணு பட்டிருக்கும், மந்திரிச்சுப் பாரு என்பார் இன்னொருவர். கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும் என்று முடித்து வைக்கவும் ஒருவர் இருப்பார். பெற்றவளோ, நான் என்ன தப்பு செஞ்சேனோ என்று மனதுக்குள் புழுங்கிக்கொண்டே வீடு போய்ச் சேருவாள்.

பல பிள்ளைகளுக்கு இது பரீட்சை முடிந்தாலோ காய்ச்சல் விட்டாலோ தானாகச் சரியாகிவிடும். சில பிள்ளைகளுக்கு மட்டும் இது நோய். அந்த நோய்க்கு என்னென்ன வைத்தியம் இருக்கிறது, எது நன்றாகக் கேட்கிறது என்று வெளிநாட்டு மருத்துவர்கள் ஏறக்குறைய 40 ஆண்டுகளாக ஒன்றோடு ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வருகிறார்கள். அதில் தெரிய வந்த செய்தி, குற்ற உணர்ச்சியோடு வீடு போகும் அந்தத் தாய்க்குத்தான் முக்கியமாக வேண்டியது.

இது என்ன நோய்?

வீட்டில் அரிசி இல்லாமல் பட்டினி கிடப்பது வறுமை. வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருப்பது விரதம். பானையில் சோறு இருந்தும், உடம்புக்குத் தேவை இருந்தும், சாப்பிட விடாமல் மனம் தடுத்தால் அது நோய். இதை உணவுக் கோளாறு என்கிறார்கள். இதில் முக்கியமானவை இரண்டு.

ஒன்றின் பெயர் அனோரெக்சியா. பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கும். பெண் பிள்ளைகளுக்கு அதிகம்; பையன்களுக்கும் வரும். நாளுக்கு நாள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவார்கள். எலும்பு தெரிந்தாலும் "நான் குண்டா இருக்கேன்" என்பார்கள். சிலர் ஓயாமல் நடப்பார்கள், ஓடுவார்கள். ஆனால் எல்லோரும் குண்டாகிவிடுவேன் என்று பயப்படுவதில்லை. 1993-ல் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 70 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தப் பயமே இல்லை. வயிறு உப்பிக்கொள்கிறது, பசிக்கவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றுதான் பலர் சொன்னார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளும் இப்படிச் சொல்லலாம். அதனால் "அவ ஒண்ணும் ஸ்டைலுக்காகப் பட்டினி கிடக்கலையே, இது அந்த நோயா இருக்காது" என்று தள்ளிவிட வேண்டாம்.

இன்னொன்று புலிமியா. யாருக்கும் தெரியாமல் ஒரே மூச்சில் அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு, பிறகு வெட்கமும் பயமும் வந்து விரலை விட்டு வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது. எடை பெரிதாகக் குறையாததால் வீட்டில் பல மாதம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சாப்பிடாத பிள்ளை எல்லாம் மனநோயாளி என்று நினைத்துவிடவும் கூடாது. காசநோய், சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, குடல் கோளாறு, மனச்சோர்வு எல்லாமே பிள்ளையை இளைக்க வைக்கும். முதலில் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர் சோதித்து இவை இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மனநோய்களிலேயே உயிரை அதிகம் எடுக்கும் நோய்களில் அனோரெக்சியாவும் ஒன்று. நாடித் துடிப்பு குறையும், உடம்பு சில்லிட்டுப் போகும், மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு பலம் இழக்கும். ஓயாமல் வாந்தி எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு குறைந்து இதயமே தடுமாறும். எழுந்தால் மயக்கம், நடந்தால் தள்ளாட்டம், நெஞ்சு படபடப்பு என்று வந்துவிட்டால் கவுன்சலிங்குக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பட்டினி மனதை என்ன செய்யும்?

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945-ல் ஒரு சோதனை நடந்தது. ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் நடத்தினார். நல்ல உடல்நலமும் மனநலமும் உள்ள 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். ஆறு மாதத்துக்கு அவர்களுக்குச் சாப்பாட்டை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். உடல் எடையில் கால் பங்கு போனது. அதோடு மனமும் மாறியது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் வாங்கி வாங்கிச் சேர்த்தார்கள். தட்டில் இருப்பதைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது. இவர்கள் யாருக்கும் முன்பு மனநோய் கிடையாது. பட்டினியே அப்படி ஆக்கியது.

நம் பிள்ளை தட்டைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், கேட்டால் சீறுவதும் திமிர் இல்லை என்பது இதிலிருந்து புரியும். பட்டினி கிடக்கும் மூளையோடு உட்கார்ந்து "ஏம்மா இப்படிப் பண்றே?" என்று மாதக்கணக்கில் பேசிப் பயனில்லை. முதலில் எடை ஏற வேண்டும். பேச்சு அதன் பிறகு.

பெற்றோரைத் தள்ளி வைத்த காலம்

1870-களில் இந்த நோய்க்கு அனோரெக்சியா என்று பெயர் வைத்தவர் வில்லியம் கல் என்ற லண்டன் மருத்துவர். இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டாரும் உறவினரும் லாயக்கில்லாதவர்கள் என்பது அவர் கருத்து. அதன் பிறகு வெகுகாலம் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றுவதுதான் வழக்கமாக இருந்தது. அம்மா சரியில்லை, அதனால்தான் பிள்ளைக்கு இப்படி என்று படித்தவர்களே எழுதினார்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் எடை ஏறும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி இறங்கும். பழியும் அம்மா தலையில்தான் விழும்.

இதை மாற்றியது லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரி. அங்கே ஜெரால்டு ரசல், கிறிஸ்டோபர் டேர், ஐவன் ஐஸ்லர் முதலானோர் 80 நோயாளிகளை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் எடை ஏற்றி அனுப்பிய பிறகு, ஒரு வகையினருக்கு ஓராண்டு குடும்பத்தோடு சேர்த்துச் சிகிச்சை, மற்றவர்களுக்குத் தனியாக ஆலோசனை. முடிவு 1987-ல் வந்தது. 19 வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்று ஆண்டு ஆவதற்குள் வந்த பிள்ளைகளுக்குக் குடும்பச் சிகிச்சையே நன்றாகக் கேட்டது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் இருந்தது. வயது முதிர்ந்தவர்களுக்கு அப்படி இல்லை.

பிறகு 2010-ல் அமெரிக்காவிலிருந்து இன்னொரு ஒப்பீடு வெளியானது. ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிரேஞ்ச் ஆகியோர் 12 முதல் 18 வயது வரை உள்ள 121 பேரிடம் செய்தது. சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து, முழுக்கக் குணமாகியிருந்தவர்கள் குடும்பச் சிகிச்சையில் 100-க்கு 49 பேர், தனி ஆலோசனையில் 23 பேர். இரண்டு மடங்குக்கு மேல்.

அம்மா அப்பா என்ன செய்வார்கள்?

ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நடக்கும் இந்தச் சிகிச்சையில், நோய் ஏன் வந்தது என்று தோண்டித் துருவுவதில்லை. யார் மீதும் பழி போடுவதில்லை. பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: இது உங்களால் வந்த நோய் இல்லை, ஆனால் உங்கள் உதவி இல்லாமல் போகாது.

முதல் கட்டத்தில் சாப்பாட்டுப் பொறுப்பு முழுக்கப் பெற்றோருடையது. என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்று பிள்ளை தீர்மானிப்பதில்லை. மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் பலகாரமும் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பார்கள். காய்ச்சல் வந்த பிள்ளையிடம் மாத்திரை வேணுமா வேண்டாமா என்று கேட்கிறோமா? இங்கே சாப்பாடுதான் மாத்திரை. இரண்டாவது முறை வரும்போது வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொல்லி, ஆலோசகர் எதிரிலேயே குடும்பம் சாப்பிடும். "போதும்" என்று பிள்ளை தட்டைத் தள்ளிய பிறகு இன்னும் ஒரு வாய் சாப்பிட வைக்க அங்கேயே பழக்குவார்கள். அந்த ஒரு வாய்க்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

கையைப் பிடித்து வாயில் திணிப்பது இதில் கிடையாது. அடி, திட்டு, "நீ சாப்பிடலைன்னா நான் செத்துருவேன்" என்ற மிரட்டல் எதுவும் கிடையாது. "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது. ஆனாலும் சாப்பிட்டுத்தான் ஆகணும். நான் இங்கதான் இருக்கேன்" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வேலை. நோய் வேறு, பிள்ளை வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழக்குவார்கள். தட்டைத் தூக்கி எறிவது நோய். அழுகிறவள் நம் பிள்ளை.

அம்மாவும் அப்பாவும் ஒரே பேச்சில் நிற்க வேண்டும் என்பதை மிகவும் வலியுறுத்துகிறார்கள். அம்மா இரண்டு தோசை என்று சொல்ல, அப்பா "பாவம், ஒண்ணு போதும் விடு" என்றால் அந்த இடைவெளியில் நோய் புகுந்துகொள்ளும். நம் வீடுகளில் பாட்டி, அத்தை எல்லோரையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை சாப்பாட்டுக் காவல் காக்கக் கூடாது. அவர்கள் வேலை விளையாட்டுப் பேச்சுப் பேசி ஆறுதலாக இருப்பது மட்டும்தான்.

ஒவ்வொரு முறையும் எடை பார்த்துக் கோடு போட்டுக் காட்டுவார்கள். எடை நன்றாக ஏறியதும் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திருப்பித் தருவார்கள். பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்பது போல. கடைசியில்தான் படிப்பு, சிநேகிதிகள், வளரும் வயதின் மற்ற கவலைகள் பற்றிய பேச்சு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல வாரம் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு போவது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து இதயம் பாதிக்கப்படும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, பட்டினியில் கிடந்து மீண்ட கைதிகள் சாப்பிடத் தொடங்கிய பிறகு நோயுற்றதை மருத்துவர்கள் கண்டார்கள். எனவே இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே வீட்டில் நாமாகத் தொடங்கிவிடக் கூடாது. டாக்டர் சோதித்து, எவ்வளவில் தொடங்கலாம் என்று சொன்ன பிறகுதான்.

எத்தனை தடவை போகணும்? எவ்வளவு நாள் கூலி போகும்?

நமக்கு இந்தக் கேள்வி முக்கியம். 2005-ல் வந்த ஒரு அமெரிக்க ஒப்பீட்டில் 86 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதத்தில் 10 முறையும், மற்றவர்களுக்கு ஓராண்டில் 20 முறையும் குடும்பச் சிகிச்சை தந்தார்கள். மொத்தத்தில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன. ஆனால் பெற்றோர் பிரிந்த வீடு, ஒற்றைப் பெற்றோர் வீடு, சாப்பாட்டைப் பற்றிய பிடிவாத எண்ணங்கள் மிகக் கடுமையாக இருந்த பிள்ளைகள் ஆகியோருக்கு நீண்ட சிகிச்சையே நல்லது என்று தெரிந்தது. தனியாளாகப் பிள்ளை வளர்க்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களால் முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. கூடுதல் நாள் ஆகும், கூட ஒரு ஆள் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்து 2016-ல் வெளியான ஒப்பீடு இன்னும் சுவாரசியமானது. பிள்ளையை நர்ஸ் எடை பார்த்துச் சிறிது நேரம் பேசுவார். ஆலோசகர் பெற்றோரை மட்டும் சந்திப்பார். சிகிச்சை முடிந்தபோது இந்த வழியில் 100-க்கு 43 பேர் குணம். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்த வழியில் 22 பேர். ஓராண்டு கழித்து அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனாலும், பிள்ளை வாயே திறக்க மாட்டேன் என்றாலும் பெற்றோர் மூலமாகச் சிகிச்சை நடக்கும் என்பது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டுமா? இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், மனநல வார்டில் சேர்த்த பிள்ளைகள், வெளிநோயாளிகளாக வந்து போன பிள்ளைகளைவிட மேலாகக் குணமடையவில்லை. ஜெர்மனியில் 2014-ல் வெளியான ஆய்வில், மூன்று வாரம் மட்டும் வார்டில் வைத்து, பிறகு பகலில் வந்து மாலையில் வீடு திரும்ப விட்ட பிள்ளைகள், தொடர்ந்து வார்டிலேயே இருந்தவர்களுக்குச் சளைக்கவில்லை. நாடி, ரத்த உப்பு, மயக்கம் என்று உயிருக்கு ஆபத்தான நேரத்தில் வார்டு கட்டாயம் வேண்டும். உடம்பு தேறியதும் மீதி வேலை வீட்டில்தான்.

எல்லோருக்கும் இதுவா?

இல்லை. 100-க்கு 49 என்றால் மீதி 51 பேர் அந்த நேரத்தில் முழுக்கக் குணமாகவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு அடிக்கும் வீட்டில், பிள்ளைக்குத் தீங்கு செய்தவரே இருக்கும் வீட்டில், சாப்பாட்டு அதிகாரத்தை வீட்டார் கையில் கொடுப்பது சரியாகாது. கொஞ்சம் வயது கூடிய, தானே குணமாக வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்குத் தனி ஆலோசனை நல்லது. ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை அப்படிப்பட்டது. அனோரெக்சியாவுக்கு ஏறக்குறைய 40 அமர்வு. சாப்பிட்டதைத் தானே குறித்து வைப்பது, எடை பற்றிய பயத்தைச் சோதித்துப் பார்ப்பது என்று போகும். பிரிட்டன் அரசு அமைப்பு 2017-ல் தந்த வழிகாட்டுதலில், இளம் வயது அனோரெக்சியாவுக்கு முதலில் குடும்பச் சிகிச்சை, அது ஒத்துவராவிட்டால் தனி ஆலோசனை என்று வரிசை வைத்திருக்கிறது.

புலிமியாவில் போட்டி இவ்வளவு தெளிவாக இல்லை. 2015-ல் வந்த அமெரிக்க ஒப்பீட்டில் சிகிச்சை முடிவில் குடும்ப வழியில் 100-க்கு 39 பேர், தனி ஆலோசனையில் 20 பேர் அந்தப் பழக்கத்தை விட்டிருந்தார்கள். ஓராண்டு கழித்து இரண்டும் நெருங்கி வந்துவிட்டன. எது கிடைக்கிறதோ அதை விடாமல் செய்வது மேல் என்பது என் கருத்து.

மாத்திரை? அனோரெக்சியாவைக் குணப்படுத்தும் மாத்திரை இல்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றத்துக்கு டாக்டர் மருந்து தரலாம். டானிக், பசி மருந்து, உடம்பு ஏற்றும் பவுடர் என்று கடையில் விற்பதற்குக் கடன் வாங்கிச் செலவழிப்பது வீண்.

பல குடும்பம் ஒன்றாகக் கூடினால்

நமக்கு மிகவும் பழக்கமான ஒரு வழியையும் லண்டனில் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஐந்தாறு குடும்பங்களை ஒன்றாகக் கூட்டி, சில நாள் தொடர்ச்சியாகவும் பிறகு இடைவெளி விட்டும் சேர்ந்து சாப்பிட, சேர்ந்து பேச வைப்பது. ஒரு வேளைக்குப் பிள்ளைகளை மாற்றிக்கொள்வார்கள். என் பிள்ளைக்கு நீங்கள், உங்கள் பிள்ளைக்கு நான். சொந்தப் பிள்ளை அழுதால் நம் கை தளர்ந்துவிடும். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் நிதானமாக நிற்க முடியும். அதைப் பார்த்து அந்தப் பிள்ளையின் தாயும் கற்றுக்கொள்வாள். 2016-ல் வெளியான ஒப்பீட்டில், தனிக் குடும்பமாகச் சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 58 பேரும், இப்படிக் கூட்டுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 75-க்கு மேற்பட்டோரும் ஓராண்டில் நல்ல முன்னேற்றம் கண்டிருந்தார்கள்.

குழு நடத்தும் நமக்கு இது ஆச்சரியமாக இருக்காது. சிகிச்சை தருவது நம் குழுவின் வேலை இல்லைதான். ஆனால் பிள்ளையோடு டவுனுக்குப் போகும் நாளில் அந்தச் சகோதரியின் மாட்டைப் பார்த்துக்கொள்ளலாம். பஸ் செலவுக்கு உள்கடனை முன்னுரிமை தந்து தீர்மானம் எழுதலாம். மதியம் ஒரு வேளை பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையோடு சாப்பிடலாம். பார்த்த இடத்தில் "என்னடி இப்படி வத்திப் போயிட்டே" என்றும், கொஞ்சம் தேறியதும் "பரவாயில்லையே, நல்லா உடம்பு போட்டுட்டியே" என்றும் சொல்லாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. இரண்டாவது பேச்சுதான் அதிகம் கெடுக்கும்.

எங்கே போவது?

இந்தக் குடும்பச் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்றவர்கள் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்கள். ஆனால் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரைப் பார்க்கலாம். முதலில் குழந்தை மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ உடம்பைச் சோதித்துக்கொண்டு, அந்தச் சீட்டோடு போவது நல்லது. "சாப்பாட்டுப் பொறுப்பை நாங்க எடுத்துக்கலாமா? எவ்வளவில் ஆரம்பிக்கணும்? எத்தனை நாளுக்கு ஒரு தடவை எடை பார்க்க வரணும்?" என்று கேளுங்கள். கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

போக முடியாத ஊர்களில் இருப்பவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இந்த அரசு சேவை இலவசம்; இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பேசுவதற்கு முன் பிள்ளையின் வயது, இப்போதைய எடை, ஆறு மாதத்துக்கு முன் இருந்த எடை, கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, மயக்கம் வந்ததா, வாந்தி எடுக்கிறாளா, நேற்று ஒரு நாளில் என்ன சாப்பிட்டாள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எடை பார்க்க அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ கேட்கலாம்.